பதினைந்து காகித மணிகள்

நம் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்ட நண்பர், "வேதியியலைப் பற்றி எளிய தமிழில் ஏதேனும் எழுதுங்கள். நீங்கள்தாம் முதுகலையில் அதைப் படிக்கிறீர்களே!" என்றார். நானும் துணிந்து ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன், எழுத்து ஓடவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எண்ணமிட்டபோது, மணிக்கட்டில் கிடந்த சரம் கன்னத்தை உறுத்தியது. இதைப் பற்றியே எழுதினால் என்ன என்று தோன்றியது. இதில் வேதியியலும் உண்டு, வேறொன்றும் உண்டு. அந்த வேறொன்றைச் சொல்வதற்குத்தான் எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

விடுதியில் இதைப் பிரேஸ்லெட் என்கிறார்கள். நான் கைச்சரம் என்பேன். பதினைந்து மணிகள், ஒவ்வொன்றும் நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கியது. சிவப்பும் நீலமும் வெண்மையும் சுழன்று சுழன்று ஓடும். பார்ப்பவர்கள் பளிங்கோ, சுட்ட மண்ணோ என்று எண்ணித் தொட்டுப் பார்ப்பார்கள். கையில் எடுத்ததும், "என்ன இது, கனமே இல்லையே!" என்பார்கள். "காகிதம்" என்பேன். நம்ப மாட்டார்கள். லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது ஒரு தமிழ் அம்மையார், "எங்கே வாங்கினாய் அம்மா?" என்று கேட்டார். வாங்கவில்லை, நானே செய்தேன் என்றதற்கு, "படிக்கிற பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று வியந்தார். அது நல்ல கேள்விதான்.

இது தொடங்கியது சென்ற சரசுவதி பூசைக்கு முன்பு. இந்த ஊரில் அந்தப் பூசை மாணவர்களுடைய பூசை என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வசந்த பஞ்சமியன்று மஞ்சள் சேலை உடுத்திக்கொண்டு, புத்தகங்களை எல்லாம் தேவியின் காலடியில் வைத்துவிட்டு, 'இன்று படிக்கக் கூடாது' என்ற இனிய விதியை நாங்கள் மிகுந்த பக்தியோடு கடைப்பிடிப்போம். பூசைச் செலவுக்குப் பணம் சேர்க்க விடுதிப் பெண்கள் ஒரு சிறு கடை போடுவது என்று முடிவாயிற்று. என்ன விற்பது? ஒருத்தி ஊறுகாய் என்றாள். ஒருத்தி வாழ்த்து அட்டை என்றாள். என் அறைத்தோழி, நதியா மாவட்டத்துப் பெண், "காகித மணி செய்வோம். முதலே வேண்டாம். பழைய பத்திரிகை போதும்" என்றாள்.

அன்று மாலையே கல்லூரித் தெருவிற்குப் போய், பழைய புத்தகக் கடையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வந்தோம். இரவு உணவு முடிந்ததும் அறையின் நடுவே பாய் விரித்து உட்கார்ந்தோம். அவள் ஆசிரியை, நானும் இன்னும் மூன்று பெண்களும் மாணவிகள்.

மணி செய்யும் முறை எளிது. தாளில் நீண்ட முக்கோணம் ஒன்றை வரைந்து வெட்ட வேண்டும். அடிப்பக்கம் 12 மில்லிமீட்டர். நீளம் 28 சென்டிமீட்டர். அடிப்பக்கத்தின் அகலமே மணியின் நீளம் ஆகும். அந்த அகன்ற பக்கத்தை ஓர் ஈர்க்கின் மேல் வைத்துச் சுற்றத் தொடங்க வேண்டும். விளக்குமாற்றிலிருந்து உருவிய தென்னை ஈர்க்கே போதும். முதல் இரண்டு சுற்றுக்குப் பசை தடவக் கூடாது. தடவினால் மணி ஈர்க்கோடு ஒட்டிக்கொண்டு வராது. அதற்குப் பிறகு மெல்லியதாக வெள்ளைப் பசையைத் தடவிக்கொண்டே சுற்ற வேண்டும். தாள் சுற்றுக்குச் சுற்று ஒடுங்கிக்கொண்டே வருவதால், மணியின் இரு ஓரங்களிலும் சுற்றுகள் குறைவு, நடுவில் மிகுதி. ஆகவேதான் நடு பருத்து வருகிறது. முனை சரியாக நடுவில் வந்து முடிய வேண்டும். ஒரு நூல் அளவு சாய்ந்தாலும் மணி ஒரு தோள் உயர்ந்த மனிதனைப்போலக் கோணிக்கொண்டு நிற்கும்.

மற்ற மூவரும் முதல் மணியை முடிப்பதற்குள் பெரும்பாடு பட்டார்கள். ஒருத்தியின் மணி நத்தைக் கூடுபோல ஒரு பக்கம் நீண்டுவிட்டது. ஒருத்தி விரலோடு சேர்த்து ஒட்டிக்கொண்டாள். நான் ஈர்க்கை எடுத்தேன்; தாளின் விளிம்பை நகத்தால் ஒருமுறை நீவி மடித்தேன்; இடக்கைப் பெருவிரலால் அழுத்தி, வலக்கை உள்ளங்கையால் பாயின் மேல் ஒரே தள்ளாகத் தள்ளினேன். மணி முடிந்துவிட்டது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் முடிந்தது. அவர்கள் ஒன்று முடிப்பதற்குள் என் முன்னால் ஆறு கிடந்தன.

அறைத்தோழி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இதை எங்கே கற்றாய்?" என்று கேட்டாள்.

"யூடியூபில் பார்த்தேன்" என்றேன்.

அது பொய்.

என் ஊர் சிவகாசி. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் அங்கே மூன்று பெருந்தொழில்கள். குட்டி ஜப்பான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். என் தந்தையார் அச்சகத்தில் இயந்திரத்துக்குத் தாள் அடுக்கிக் கொடுப்பவர். என் தாயார் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுபவர். மருந்து அடைப்பது, திரி வைப்பது, சரம் பின்னுவது எல்லாம் ஆலைக்குள் நடக்கும். குழாய் உருட்டுவதில் மருந்து இல்லை. ஆதலால் அது வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். தாளும் கொடுப்பார்கள். ஒரு பலகை, ஓர் இரும்புக் கம்பி, ஒரு கிண்ணம் பசை: இவை இருந்தால் போதும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் கலந்த பசை. அந்த வாடை என் இளமைப் பருவம் முழுவதும் எங்கள் வீட்டில் இருந்தது. இன்றும் ஆய்வுக்கூடத்தில் காப்பர் சல்பேட்டுக் குப்பியை எடுக்கும்போது அந்த நீல நிறத்தைக் கண்டால் எனக்குத் திண்ணைதான் நினைவுக்கு வரும்.

பள்ளிவிட்டு வந்ததும் நானும் பலகைக்கு முன் உட்காருவேன். என்னை யாரும் அடித்து உட்கார வைக்கவில்லை. அம்மா உருட்டினால் நானும் உருட்டினேன்; பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உருட்டினார்கள். ஆயிரம் குழாய்க்கு இவ்வளவு என்று கூலி. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் அமர்த்தக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் ஆலையின் வாயில்வரை வந்தது. வீட்டுத் திண்ணை ஏறவில்லை. நான் ஆறாம் வகுப்புக்குப் போன ஆண்டில், ஒருநாள் கணக்குப் பரீட்சைக்கு முந்தைய மாலை, அம்மா என் கையிலிருந்து கம்பியை வாங்கிக் கீழே வைத்தார். "போய்க் கையைக் கழுவிட்டுப் படி. இனிமே இங்க உக்காராத" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் குறைத்த அந்தக் குழாய்களை ஈடு செய்ய அவர் இரவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தார் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு, நன்றாகப் படித்தேன், உதவித்தொகை கிடைத்தது, ஹவுராவில் வந்து இறங்கினேன். விடுதிக்கு வந்த முதல் வாரத்தில் ஊரின் பெயரைச் சொன்னதும் ஒரு மூத்த மாணவி, "சிவகாசியா? குழந்தைகளை வைத்துப் பட்டாசு செய்வார்களே, அந்த ஊரா?" என்று கேட்டாள். அவள் இழிவாகக் கேட்கவில்லை; இரக்கத்தோடுதான் கேட்டாள். அந்த இரக்கம் எனக்குச் சுட்டது. "அதெல்லாம் பழைய கதை" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அந்தக் குழந்தைகளில் ஒருத்தி எதிரே நிற்கிறாள் என்று சொல்ல நாணம் தடுத்தது. அன்று முதல் எந்தப் படிவம் வந்தாலும் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'அச்சகப் பணி' என்றும், தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றும் எழுதி வந்தேன். திண்ணையில் உட்கார்ந்து செய்வதால் அதுவும் இல்லத்து வேலைதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மனிதனுக்குத் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் திறமை எவ்வளவு இயல்பாக வந்துவிடுகிறது!

காகித மணிக்குத் திரும்புகிறேன். மூன்று இரவுகளில் முந்நூறு மணிகளுக்கு மேல் செய்துவிட்டோம். ஆனால் ஒரு குறை தோன்றியது. ஏறக்குறையப் பாதி மணிகள் மறுநாள் காலையில் வாய் பிளந்து கிடந்தன. முனை எழும்பி நின்றது. சுற்றிய இடத்தில் நுண்ணிய வெடிப்புகள். மற்றப் பாதியோ ஒரு குறையும் இல்லாமல் கூழாங்கல்போல இறுகி இருந்தன. தாள் ஒன்றே; பசை ஒன்றே; கையும் ஒன்றே. பின் ஏன் இந்த வேறுபாடு?

"நீதானே வேதியியல்காரி, கண்டுபிடி" என்றாள் தோழி. எனக்கும் வீறாப்பு வந்தது. பசைதான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். இந்த வெள்ளைப் பசை பாலிவினைல் அசிட்டேட் என்னும் பலபடியின் நுண்துகள்கள் நீரில் மிதக்கும் பால்மம். நீர் வற்ற வற்றத் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. ஆகவே நீர் வற்றும் வேகத்தில்தான் கோளாறு இருக்கும் என்று எண்ணினேன். பசையைக் கூட்டினேன், குறைத்தேன், நீர் கலந்தேன், மின்விசிறிக்கடியில் உலர்த்தினேன், பெட்டிக்குள் உலர்த்தினேன். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் அட்டவணை போட்டு எழுதினேன். எதிலும் பாதி பிளந்தது, பாதி நின்றது. பசை மிகுந்தால் மேலும் கெடுகிறது என்பது ஒன்றுதான் தெளிவாயிற்று.

ஞாயிறன்று வழக்கம்போல அம்மாவோடு தொலைபேசியில் பேசினேன். பேச்சு வாக்கில், "பூசைக்குக் காகிதத்துல மணி உருட்டுறோம்மா. பாதி பிரிஞ்சு போகுது" என்றேன்.

அம்மா சிரித்தார். "காகிதம் உருட்டவா அம்புட்டுத் தூரம் போன?" என்றார். பிறகு அவருடைய குரல் மாறியது. வேலைக்காரரின் குரல் அது. "தாளு எப்படி வெட்டுன?"

"எப்படின்னா? நீளமா முக்கோணமா வெட்டுனோம்."

"அதில்ல பாப்பா. தாளுக்கு நெடுக்கு, குறுக்கு உண்டுல்ல. பாத்து வெட்டுனியா?"

நான் பேசாமல் இருந்தேன்.

"ஒரு தாள எடு. ரெண்டு ஓரத்தயும் புடிச்சு மெதுவா வளச்சுப் பாரு. அப்புறம் திருப்பி வச்சு வளச்சுப் பாரு. ஒரு பக்கம் பணிஞ்சு வரும். ஒரு பக்கம் முரண்டு புடிக்கும். பணிஞ்சு வார பக்கமாத்தான் உருட்டணும். முரண்டு புடிக்குற பக்கம் உருட்டுனா எம்புட்டுப் பசை போட்டாலும் வாயத் திறந்துக்கிரும். பசையக் கொஞ்சமாத் தடவு. ரொம்ப ஊறுச்சுன்னா தாளு எதுத்துக்கிட்டு வளையும்."

இருந்த இடத்திலேயே ஒரு பத்திரிகைத் தாளை எடுத்து வளைத்துப் பார்த்தேன். அம்மா சொன்னபடியே இருந்தது. பத்திரிகையின் உயரவாக்கில் வெட்டியவை எல்லாம் பிளந்தவை. அகலவாக்கில் வெட்டியவை எல்லாம் இறுகியவை. நீளம் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு நாங்கள் உயரவாக்கில் வெட்டிய முக்கோணங்கள்தாம் எங்களுக்குத் துரோகம் செய்தன.

இதன் காரணத்தை என் பாடப் புத்தகம் சொல்லக்கூடியதுதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஆலையில் காகிதக் கூழ் ஓடும் வலையின் மேல் படியும்போது, செல்லுலோஸ் இழைகளில் பெரும்பாலானவை ஓட்டத்தின் போக்கிலேயே நெடுக்காகப் படுத்துவிடுகின்றன. இழைகள் ஈர்க்குக்கு இணையாக இருக்கும்படி சுற்றினால், ஓலைப்பாய் சுருளுவதுபோலத் தாள் பணிந்து சுருளும். இழைகளையே வளைத்துச் சுற்றினால் அவை நிமிரத் துடிக்கும். ஈரத்தில் இழை பருக்கும். நீளுவது மிகக் குறைவு. ஆகவே பசை மிகுந்த பக்கம் விரிந்து, தாள் நாம் சுற்றுகிற திசைக்கு எதிராக வளைகிறது. ஐந்தாண்டு வேதியியல் காணாததை, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தாயாரின் விரல் கண்டிருந்தது. குறிப்பேட்டில் நான் போட்ட அட்டவணையின் கீழே, 'காரணம்: இழையின் போக்கு' என்று எழுதினேன். கண்டுபிடித்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா சற்று நின்றது.

அன்று இரவு பாய் விரித்து உட்கார்ந்ததும் தோழிக்கு அந்தச் சோதனையைச் செய்து காட்டினேன். "அட! இதை யார் சொன்னது?" என்று கேட்டாள். இந்த முறை யூடியூப் வாயில் வரவில்லை.

"என் அம்மா. பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவது அவர் தொழில். நானும் சிறு வயதில் உருட்டியிருக்கிறேன். நான் முன்பு சொன்னது பொய்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கம் வரப் போகிறது என்று நான் அஞ்சினேன். அவளோ, "என் பாட்டி டோங்கா செய்கிறார், தெரியுமா?" என்றாள்.

டோங்காவை நாம் எல்லோரும் அறிவோம். ஜால்முரிக்காரர் பொரியைப் போட்டுத் தருகிறாரே, அந்தக் காகிதப் பை. பழைய செய்தித்தாளிலும், எழுதி முடித்த நோட்டிலும், சில நாள் யாரோ எழுதிய விடைத்தாளிலும் செய்திருப்பார்கள். பொரியைத் தின்றுவிட்டு, அந்த அறியாத மாணவனுக்கு நாமே மதிப்பெண் போட்டுப் பார்ப்பது இந்த ஊரில் ஒரு பொழுதுபோக்கு. அந்தப் பைகளை யார் ஒட்டுகிறார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. "பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது, இன்னும் ஒட்டுகிறார். என் முதல் பரீட்சைக் கட்டணம் அதில் வந்த பணம்தான். நானும் இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை" என்றாள். பிறகு இருவரும் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் மணி உருட்டினோம். அன்று ஒரு மணிகூடப் பிளக்கவில்லை.

பின்னர் நான் படித்த ஒரு செய்தியையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. உகாண்டா நாட்டின் வடபகுதியில் நடந்த உள்நாட்டுப் போருக்கு அஞ்சி ஓடிவந்த அச்சோலி இனப் பெண்கள், தலைநகர் கம்பாலாவின் ஓரத்தில் குடியேறிக் கற்சுரங்கத்தில் கல் உடைத்துப் பிழைத்தார்கள். அவர்களுள் பலர் இதேபோல் பழைய தாளை முக்கோணமாக வெட்டி மணி செய்யக் கற்றவர்கள். 2004-ஆம் ஆண்டில் அந்த மணிகளை வெளிநாடுகளில் விற்பதற்கென்றே பீட் ஃபார் லைஃப் என்ற அமைப்பு ஒன்று தோன்றியது. கல் உடைத்த கைகள் காகிதம் சுருட்டின. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு முதலில் கிடைப்பது பிறர் எறிந்த பொருள்தான் போலும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பது அவரவர் கையைப் பொறுத்தது.

இப்போது கணக்கு விரும்பும் நண்பர்களுக்குச் சிறிது கணக்கு. அம்மாவின் சொற்படி, பத்திரிகையின் நடுக்கம்பியைக் கழற்றி, இரு பக்கமும் சேர்ந்த முழுத்தாளை விரித்து, குறுக்குவாக்கில் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினோம். நூறு தாளை அடுக்கி அளந்ததில் ஒரு தாளின் கனம் 0.08 மில்லிமீட்டர். ஆகவே நீளமும் கனமும் பெருக்கினால் 32 சதுர மில்லிமீட்டர். சுற்றி முடித்த மணியை நடுவில் அறுத்துப் பார்த்தால் தெரியும் வளையத்தின் பரப்பும் அதுவே. ஈர்க்கின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்றால், மணியின் விட்டம் 6.7 மில்லிமீட்டர் வரும், சுற்றுகள் இருபத்தொன்பது. பசையின் கனத்தால் சிறிது கூடும். அளவுகோல் வைத்துப் பார்த்தேன், கணக்குப் பொய்க்கவில்லை. கைச்சரத்தின் நீளத்துக்கு மணிக்கட்டின் சுற்றளவு மட்டும் போதாது என்பதையும் இங்கே கற்றேன். மணியின் பருமன் உட்புறத்தைக் குறைத்துவிடுவதால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை அறியாமல் நான் கோத்த முதல் சரம், எங்கள் விடுதிக் காவலாளியின் சிறு மகளுக்குத்தான் பொருந்தியது. அவள் இன்றும் அதைக் கழற்றுவதில்லை.

முடிந்த மணிகளை ஈர்க்கில் கோத்து, தெர்மாக்கோல் பலகையில் நட்டு, வார்னிஷ் இருமுறை பூசி உலர்த்த வேண்டும். இதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். தாளில் இழையும் இழையும் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகளால்தான். நீர் புகுந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். பூச்சுப் போட்ட மணி கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும்; குளிக்கும்போது மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும். எலாஸ்டிக் நூலில் கோத்து, முடிச்சை ஒரு மணியின் துளைக்குள் இழுத்து மறைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பூசையன்று எங்கள் கடையில் முப்பத்திரண்டு சரங்கள் விற்றன. எங்கள் பேராசிரியை ஒன்று வாங்கினார். மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு இறுக்கம்! இதற்கு ஏதாவது நுட்பம் உண்டா?" என்று கேட்டார். தோழி என் விலாவில் இடித்தாள். நான் இழையின் போக்கைச் சொன்னேன். அதைச் சொல்லித் தந்தவரையும், அவருடைய தொழிலையும் சொன்னேன். பேராசிரியை தலையசைத்து, "பொருளறிவியல் தெரிந்தவர்" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

மே மாதம் ஊருக்குப் புறப்படுமுன் அம்மாவுக்கு ஒரு சரம் செய்ய விரும்பினேன். அம்மா கையில் வளையல் அணிந்து நான் கண்டது குறைவு. கண்ணாடி வளையல் பலகையில் இடிபட்டு உடையும். உருட்டும் தாளில் கீறல் விழும் என்று கழற்றி வைத்துவிடுவார். லேக் மார்க்கெட்டுப் பக்கம் ஒரு சிற்றுண்டிக் கடையில், சுவரில் சென்ற ஆண்டு மாதக் காலண்டர் தொங்கியது. அடியில் மிகச் சிறிய எழுத்தில் சிவகாசி என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். 1920-களின் தொடக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்க இதே கல்கத்தாவுக்குத்தான் வந்தார்கள். அந்தத் தீப்பெட்டிகளுக்குப் படத்தாள் ஒட்ட வேண்டியதிலிருந்து ஊரில் அச்சுத் தொழில் வளர்ந்தது. அந்த அச்சு இயந்திரங்கள் ஒன்றிலிருந்து வெளிவந்த தாள் திரும்பவும் இங்கே வந்து ஓர் ஆண்டு சுவரில் தொங்கி என் கைக்குக் கிடைத்திருக்கிறது. அதை வளைத்துப் பார்த்து, பணிந்து வருகிற பக்கமாக வெட்டி, பதினைந்து மணிகள் உருட்டினேன்.

ஊரில் திண்ணையில் வைத்து அம்மாவிடம் கொடுத்தேன். மகிழ்ந்து அணிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு மணியாக நகத்தால் நெருடிப் பார்த்தார். சரக்கு வாங்க வந்தவர் குழாயைச் சோதிப்பது அப்படித்தான். நான் பரீட்சை முடிவுக்கு நிற்பவளைப்போல நின்றேன்.

"இந்த ஒண்ணு சாஞ்சிருக்கு" என்று ஏழாவது மணியைக் காட்டினார். உண்மைதான், அரை நூல் சாய்ந்திருந்தது. "மத்ததெல்லாம் கெட்டி. ஒரு மணிக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

"பத்து நிமிசம்" என்றேன்.

"பத்து நிமிசமா! இந்தக் கையில எனக்குக் கூலி குடுத்தா நம்ம அடுப்பு எரிஞ்ச மாதிரிதான்" என்று சிரித்தார். பிறகு பசைக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "மாட்டி விடு" என்று இடக்கையை நீட்டினார். அந்தப் பெருவிரல் நுனி தேய்ந்து வழவழவென்று இருந்தது. இத்தனை ஆண்டு நான் அதைப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் தொட்டுப் பார்த்தேன்.

"அம்மா, நீ என்ன வேலை செய்றன்னு நான் அங்க யாருக்கும் சொன்னதில்ல" என்றேன்.

"தெரியும்" என்றார் அம்மா. "பள்ளிக்கூடத்துலயே நீ சொல்ல மாட்ட." குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "இப்போ சொல்லியாச்சு" என்றேன். "எங்க பேராசிரியை ஒன்னயப் பொருளறிவியல் தெரிஞ்சவங்கன்னு சொன்னாங்க." "அப்படின்னா என்ன?" என்றார். தாளின் நெடுக்கும் குறுக்கும் அறிந்தவர் என்று பொருள் என்றேன். "இது தெரியாமயா காகிதம் உருட்டுவாங்க?" என்று கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்தச் சாய்ந்த மணியை மட்டும் கழற்றிப் புதிது ஒன்று கோத்துக் கொடுத்தேன். சாய்ந்த மணி இப்போது என் சரத்தில் இருக்கிறது.

சென்ற மாதம் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதினேன். தாயின் தொழில் என்ற கட்டம் வந்தது. 'காகிதக் குழாய் உருட்டுதல், பட்டாசுத் தொழில்' என்று எழுதினேன். கட்டம் சிறியது, எழுத்தை நெருக்கித்தான் எழுத வேண்டியிருந்தது.

நண்பர்களே! வரும் பொங்கல் விழாவுக்கு முந்தைய மாலை, சங்க அறையில் கைச்சரம் செய்ய எண்ணியிருக்கிறோம். உங்கள் அறையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பத்திரிகைகளையும் காலண்டர்களையும் கொண்டு வாருங்கள். ஈர்க்கு நான் கொண்டு வருகிறேன். பசை தோழி கொண்டு வருவாள். வெட்டுமுன் தாளை ஒருமுறை வளைத்துப் பாருங்கள். உங்களுள் யாருக்கேனும் கை தானாக ஓடினால், எங்கே கற்றீர்கள் என்று நான் கட்டாயம் கேட்பேன். உண்மையைச் சொல்லுங்கள்.